பட்டியல் மாறுகிறது, எண் மட்டும் ஏன் மாறவில்லை?

வந்த கேள்வி (2025 நவம்பர் 3, மாலை)

"அக்கா, கல்லூரிக்காகப் பைத்தானில் ஒரு நூலக நிரல் எழுதுகிறேன். 'அமைப்பு' என்ற கோப்பில் அபராதத் தொகையும், தடை செய்யப்பட்ட உறுப்பினர்களின் பட்டியலும் இருக்கின்றன. மற்றக் கோப்புகளில் 'ஃப்ரம் அமைப்பு இம்போர்ட்' என்று எழுதி இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ஓர் இடத்தில் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்தால் எல்லா இடத்திலும் தெரிகிறது. ஆனால் அபராதத்தை 2 ரூபாயிலிருந்து 5 ரூபாயாக மாற்றினால், மாற்றிய கோப்பில் மட்டும்தான் மாறுகிறது. எண்கள் மதிப்பாகப் போகின்றன, பட்டியல்கள் முகவரியாகப் போகின்றன என்று புரிந்துகொண்டேன். சரிதானே?"

நவம்பர் 3, இரவு 10.40

சரியில்லை தம்பி. பாதிப் பேர் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதனால் உங்கள் மேல் தவறில்லை. ஆனால் இந்த எண்ணத்தோடு மேலே போனால் ஆறு மாதத்தில் பெரிய பள்ளத்தில் விழுவீர்கள்.

பைத்தானில் எண், பட்டியல், ஃபங்ஷன், கிளாஸ் எல்லாமே ஒரே வழியில்தான் போகின்றன. ஆப்ஜெக்டை, அதாவது நினைவகத்தில் இருக்கும் பொருளை, கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் என்பது அதில் தொங்கும் கயிறு. 'ஃப்ரம் அமைப்பு இம்போர்ட் தடைப்பட்டியல்' என்ற வரி ஓடும்போது, அமைப்பின் கயிறு எந்தக் கிணற்றில் தொங்குகிறதோ அதே கிணற்றில் உங்கள் மாட்யூலும் (பைத்தான் கோப்பு ஒவ்வொன்றும் ஒரு மாட்யூல்தான்) சொந்தமாக ஒரு கயிற்றை இறக்குகிறது. அத்தோடு சரி. அதற்குப் பிறகு அந்த இரண்டு கயிறுகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பட்டியலில் அப்பெண்ட் செய்வது, அதாவது கடைசியில் ஒன்றைச் சேர்ப்பது, கிணற்றுக்குள் ஊற்றுவது. இரண்டு கயிற்றுக்காரருக்கும் தெரியும். 'அபராதம் = 5' என்று எழுதுவது கயிற்றைத் தூக்கி வேறு கிணற்றில் இறக்குவது. மற்றவருடைய கயிறு பழைய கிணற்றிலேயே கிடக்கும். எண்ணுக்குள் எதையும் ஊற்ற முடியாது, அது மூடி போட்ட கிணறு. ஆகவே எண்ணோடு நீங்கள் செய்யக்கூடியது கயிற்றை மாற்றுவது மட்டுமே. அதனால்தான் எண் வேறு, பட்டியல் வேறு என்ற தோற்றம் வருகிறது.

நவம்பர் 3, இரவு 10.52

ஒரு சோதனை. பட்டியலையும் எண்ணைப் போலவே நடத்திப் பாருங்கள். அமைப்பு மாட்யூலுக்குள் ஒரு ஃபங்ஷன் எழுதி, அதில் குளோபல் (மாட்யூல் முழுவதற்கும் பொதுவான பெயர்) அறிவிப்போடு 'தடைப்பட்டியல் = புதிய பட்டியல்' என்று வையுங்கள். அழைத்த பிறகு மற்றக் கோப்பில் பாருங்கள். பட்டியலும் "மதிப்பாகப் போன" மாதிரி பழையதாகவே நிற்கும்.

நவம்பர் 4, காலை

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகுதான், இந்தப் பிழையோடு எனக்கே ஒரு பழைய கணக்கு இருப்பது நினைவுக்கு வந்தது. பழையது என்றால் ஒன்றரை மாதம்தான்.

ஒரு ஜவுளிக்கடைக்கு ரசீது போடும் நிரலை நான் பராமரிக்கிறேன். செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. ஆயத்த ஆடைகளுக்கு அதற்கு முன் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. புதிய முறையில் 2,500 வரை 5, அதற்கு மேல் 18. அன்று நவராத்திரியின் முதல் நாளும்கூட, கடையில் கூட்டம் அலைமோதும் என்று தெரியும். அதனால் 21ஆம் தேதி இரவு கடை அடைத்த பிறகு, அமைப்புத் திரையில் புதிய விகிதங்களை ஏற்றிச் சேமித்தேன். திரையில் புதிய அட்டவணை சரியாகத் தெரிந்தது. மன நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

காலை முதல் வாடிக்கையாளர் ஒரு சட்டை எடுத்தார். விலை 1,800 ரூபாய். கவுண்டர் திரையில் வரி 5 சதவீதம், 90 ரூபாய், மொத்தம் 1,890. அச்சடித்து வந்த ரசீதில் மத்திய வரி 108, மாநில வரி 108, மொத்தம் 2,016. அவர் செய்தித்தாள் படிப்பவர், ரசீதைத் திருப்பிக் காசாளரிடமே நீட்டினார். பத்து நிமிடத்தில் எனக்குத் தொலைபேசி வந்தது.

திரையில் ஒன்று, காகிதத்தில் ஒன்று. அந்த இரண்டு எண்களும் ஒரே அமைப்பு மாட்யூலிலிருந்துதான் வர வேண்டும். தரவுத்தளத்தில் பார்த்தேன், சரியாக இருந்தது. சேமிக்கும் ஃபங்ஷனில் பார்த்தேன், சரியாக இருந்தது. நிரலை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னேன். உடனே சரியாகிவிட்டது. கடைக்காரர் நிம்மதியானார், எனக்கோ அப்போதுதான் பயம் வந்தது. அணைத்துப் போட்டால் சரியாகும் பிழை என்றால், நினைவகத்தில் யாரோ பழைய பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மாலையில் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. திரை மாட்யூல் 'அமைப்பு.விகிதங்கள்' என்று ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கியது. அச்சு மாட்யூல் 'ஃப்ரம் அமைப்பு இம்போர்ட் விகிதங்கள்' என்று நிரல் தொடங்கிய அன்றே வாங்கி வைத்துக்கொண்டது. நான் சேமித்தபோது பழைய அகராதியை (சாவியும் மதிப்புமாக வைக்கும் பைத்தானின் 'டிக்ட்') திருத்தவில்லை. தரவுத்தளத்திலிருந்து படித்துப் புதிய அகராதி ஒன்றைக் கட்டி, அமைப்பின் பெயரை அதற்கு மாற்றினேன். அச்சு மாட்யூலின் கயிறு பழைய கிணற்றில். 1,000 ரூபாய் வரம்பும் 12 சதவீதமும் அங்கே பத்திரமாக இருந்தன.

கவனியுங்கள், இது அகராதி. எண் அல்ல.

நவம்பர் 4, மதியம்

"அப்படியென்றால் புதிய அகராதி கட்டாமல், பழையதைக் கிளியர் செய்து அப்டேட் செய்திருந்தால் போதுமே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ரசீது சரியாகத்தான் வந்திருக்கும். நானும் முதலில் அப்படித்தான் செய்ய நினைத்தேன், பிறகு கைவிட்டேன். கிளியருக்கும் அப்டேட்டுக்கும் நடுவே இன்னொரு த்ரெட் (அதே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) வந்து பார்த்தால் அகராதி காலியாக இருக்கும். கூட்ட நேரத்தில் நான்கு கவுண்டர்கள் ஒரே நேரத்தில் ரசீது போடுகின்றன. புதியதை முழுதாகக் கட்டி முடித்து, கடைசியில் பெயரை மட்டும் மாற்றுவதே பாதுகாப்பு. படிப்பவர்கள் எல்லாரும் மாட்யூலின் வழியாக, ஒவ்வொரு முறையும் புள்ளி வைத்துக் கேட்க வேண்டும். அச்சு மாட்யூலில் அதைத்தான் மாற்றினேன்.

நவம்பர் 5, இரவு

நூலகத் தம்பி மீண்டும் எழுதியிருக்கிறார்: "அக்கா, அபராதம் சரியாகிவிட்டது. ஆனால் உறுப்பினர் பட்டியல் 'முதன்மை' கோப்பில் இருக்கிறது. அதில் சேர்க்கும் உறுப்பினர் 'அறிக்கை' மாட்யூலில் தெரியவில்லை. அங்கே 'முதன்மை.உறுப்பினர்கள்' என்று புள்ளி வைத்துத்தான் கேட்கிறேன். ஐடி அச்சிட்டுப் பார்த்தால் இரண்டு இடத்திலும் வேறு வேறு எண்."

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நிரலைத் தொடங்க எந்தக் கோப்பை ஓட்டுகிறீர்கள்?

நவம்பர் 6, காலை

"முதன்மை கோப்பைத்தான்" என்று பதில் வந்தது. அப்படியானால் நோய் இதுதான்.

பைத்தான் ஒரு மாட்யூலை ஏற்றியதும் சிஸ்.மாட்யூல்ஸ் என்ற அகராதியில் அதன் பெயரைப் போட்டு வைக்கிறது. அடுத்த முறை அதே பெயரில் யார் கேட்டாலும் கோப்பை மறுபடி ஓட்டாமல் அங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறது. மாட்யூல்கள் எல்லாம் ஒரே பொருளைப் பகிர்ந்துகொள்வது இதனால்தான். ஆனால் அந்த அகராதியின் சாவி பெயர், கோப்பு அல்ல. நேரடியாக ஓட்டப்படும் கோப்புக்கு அதன் சொந்தப் பெயர் கிடைப்பதில்லை. இரட்டை அடிக்கோடுகளுக்கு நடுவே 'மெயின்' என்ற பெயரில்தான் பதிவாகிறது. பிறகு அறிக்கை மாட்யூல் 'இம்போர்ட் முதன்மை' என்று கேட்கும்போது, அந்தப் பெயரில் பதிவு எதுவும் இல்லை. பைத்தான் கோப்பைத் தேடிப் பிடித்து முதல் வரியிலிருந்து மறுபடியும் ஓட்டுகிறது. இப்போது ஒரே கோப்பிலிருந்து இரண்டு மாட்யூல்கள், இரண்டு உறுப்பினர் பட்டியல்கள். நீங்கள் ஒன்றில் சேர்க்கிறீர்கள், அறிக்கை இன்னொன்றைப் படிக்கிறது.

முதன்மையின் முதல் வரியில் ஒரு பிரிண்ட் வைத்து, மாட்யூலின் பெயரை அச்சிடுங்கள். இரண்டு முறை வரும், இரண்டு பெயர்களோடு.

மருந்து எளிது. பகிர வேண்டிய எதையும் ஓட்டும் கோப்பில் வைக்காதீர்கள். உறுப்பினர்களைத் தனிக் கோப்புக்கு நகர்த்துங்கள். முதன்மையில் தொடக்க அழைப்பு மட்டும் நான்கு வரியில் இருக்கட்டும்.

நவம்பர் 6, மாலை

"தொடங்கும்போது 'நூலகம் திறக்கப்படுகிறது' என்ற செய்தி முதல் நாளிலிருந்தே இரண்டு முறை வந்துகொண்டிருந்தது அக்கா, டெர்மினலின் கோளாறு என்று விட்டுவிட்டேன்" என்கிறார் தம்பி. ஒரு முறை வர வேண்டிய வரி இரண்டு முறை வந்தால், இனி அங்கேயே நின்றுவிடுங்கள். எத்தனை நாள் தேடுதல் மிச்சமாகியிருக்கும்!

இதே நோய் இன்னொரு வேடத்திலும் வரும். திட்டத்தின் கோப்புறையும் அதற்குள் இருக்கும் பேக்கேஜின் கோப்புறையும் இரண்டுமே தேடும் பாதையில் இருந்தால், ஒருவர் 'கடை.மாதிரிகள்' என்றும் இன்னொருவர் வெறும் 'மாதிரிகள்' என்றும் இம்போர்ட் செய்வார்கள். இரண்டும் ஓடும், பிழைச் செய்தியே வராது. ஆனால் கிளாஸ்கள் இரண்டிரண்டாக இருக்கும். ஓர் இடத்தில் எழுப்பிய எக்செப்ஷனை அதே பெயர் கொண்ட எக்செப்ட் பிடிக்காமல் விட்டுவிடும். 'இது அந்தக் கிளாஸைச் சேர்ந்ததா' என்று கேட்கும் ஈஸ்இன்ஸ்டன்ஸ் 'இல்லை' என்று சொல்லும். நான் ஒருமுறை இரண்டு நாள் இதில் கழித்தேன். கண் முன்னால் எக்செப்ஷனின் பெயர், கண் முன்னால் எக்செப்ட் வரி, எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், இருந்தும் கடந்து போகிறது. கடைசியில் கிளாஸின் மாட்யூல் பெயரை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் ஒன்றில் புள்ளி இருந்தது, மற்றதில் இல்லை.

நவம்பர் 7

நேற்று ஐடி பற்றித் தம்பி எழுதியதை நான் கண்டுகொள்ளாமல் கடந்துவிட்டேன். அவருடைய இடத்தில் அது சரியான சாட்சி. ஆனால் எல்லா இடத்திலும் அல்ல, அதைச் சொல்லாமல் விட்டது தவறு.

நாம் வழக்கமாக ஓட்டும் பைத்தானான சிபைத்தானில் ஐடி என்பது நினைவக முகவரி. ஒரு பொருள் உயிரோடு இருக்கும் வரைதான் அந்த எண் அதற்குச் சொந்தம். அது போன பிறகு அதே இடத்தில் வேறொன்று குடிவரலாம். காலையில் ஒரு பதிவில் அச்சான ஐடியையும் மாலையில் அச்சான ஐடியையும் ஒப்பிட்டு "ஒரே பொருள்தான்" என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே பொருளா என்று கேட்கும் 'ஈஸ்' போட்டுப் பாருங்கள்.

எண்களை வைத்தும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். -5 முதல் 256 வரையிலான முழு எண்களைச் சிபைத்தான் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது. உங்கள் 5 ரூபாய் அபராதமும் யாரோ ஒருவருடைய 5ஆம் பக்கமும் ஒரே ஆப்ஜெக்ட்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

இதுவரை பேசியதெல்லாம், ஒன்று என்று நினைத்தது இரண்டாக இருந்த கதை. இன்றைக்கு மறுபக்கம்: இரண்டு என்று நினைத்தது ஒன்றாக இருப்பது. இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், ஏனென்றால் தவறு ஓரிடத்தில் நடக்கும், வலி வேறிடத்தில் தெரியும்.

ஜவுளிக்கடை நிரலின் முதல் ஆண்டில் ஒரு புகார் வந்தது. மூன்றாவது கவுண்டரில் ஒருவருக்கு ரசீது போட்டால், அவர் எடுக்காத இரண்டு வேட்டிகள் ரசீதில் இருந்தன. அந்த வேட்டிகள் முதல் கவுண்டரில் நின்றவருடையவை. கூடைகளை உருவாக்கிய வரியைத் தேடிப் போனேன். அகராதியின் ஃப்ரம்கீஸ் முறைக்குக் கவுண்டர் எண்களைக் கொடுத்து, ஆரம்ப மதிப்பாக ஒரு வெற்றுப் பட்டியலைக் கொடுத்திருந்தது. எழுதியவருக்கு நான்கு கவுண்டருக்கும் நான்கு வெற்றுப் பட்டியல்கள் என்ற எண்ணம். உண்மையில் ஒரே பட்டியல், நான்கு கவுண்டர்களும் அதையே சுட்டின. சோதிக்கும்போது எப்போதும் ஒரே கவுண்டரில் சோதித்திருக்கிறார்கள், அதனால் பிடிபடவில்லை.

இதன் உறவினர்கள் நிறைய. பட்டியலுக்குள் பட்டியலை வைத்து மூன்றால் பெருக்குவது. கிளாஸின் உடம்பிலேயே 'பொருட்கள் = வெற்றுப் பட்டியல்' என்று எழுதுவது. ஃபங்ஷனின் இயல்பு மதிப்பாக வெற்றுப் பட்டியலை வைப்பது, அது ஃபங்ஷனை வரையறுக்கும் டெஃப் வரி ஓடும்போது ஒரே ஒருமுறை செய்யப்படுகிறது, ஒவ்வோர் அழைப்புக்கும் அல்ல. தரவை வைப்பதற்கென்றே எழுதும் டேட்டாகிளாஸ் இந்த ஒன்றில் நல்ல பிள்ளை. பட்டியலை இயல்பு மதிப்பாக வைத்தால் வேல்யூஎரர் எழுப்பித் தடுத்துவிடும்.

கூட்டல்-சமக்குறி இன்னொரு கண்ணி. பட்டியலில் 'அ += ஆ' என்றால் கிணற்றுக்குள் ஊற்றுவது. 'அ = அ + ஆ' என்றால் புதிய கிணறு. படிக்கும்போது இரண்டும் ஒரே பொருள் தருவதுபோல் இருக்கும், பகிர்ந்த பட்டியலில் விளைவு தலைகீழ்.

நவம்பர் 11

"பகிர்ந்த அகராதியில் ஏதோ ஒரு மாட்யூல் கை வைக்கிறது, 40 கோப்புகள், யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்ற கேள்வி நல்ல கேள்வி.

காவலாளி வையுங்கள். டிக்டிலிருந்து ஒரு கிளாஸை வருவித்து, சாவிக்கு மதிப்பு எழுதும்போது ஓடும் செட்ஐட்டம் முறையை மட்டும் மாற்றி எழுதுங்கள். உள்ளே, யார் யாரை அழைத்து இங்கே வந்தார்கள் என்று அச்சிடும் டிரேஸ்பேக்கின் பிரிண்ட்ஸ்டாக்கை அழைத்துவிட்டு, பிறகு வழக்கமான வேலையைச் செய்யட்டும். மொத்தம் நான்கு வரி. சந்தேகத்துக்குரிய அகராதியை இதற்குள் போட்டு நிரலை ஓட்டுங்கள். கை வைக்கும் ஒவ்வொருவரும் கோப்புப் பெயரும் வரி எண்ணுமாகத் தாங்களே வந்து ஒப்புக்கொள்வார்கள். வேட்டிக் கதைக்குப் பிறகு பல பிழைகளை நான் இப்படித்தான் பிடித்தேன்.

நவம்பர் 12

மேலே எழுதியதில் ஓட்டை இருக்கிறது. நேற்றிரவு கேட்டவரே செய்து பார்த்துச் சொன்னார்: காவலாளி வாய் திறக்கவில்லை, அகராதியோ மாறியிருக்கிறது.

காரணம், மாற்றியவர் அப்டேட்டை அழைத்திருக்கிறார். டிக்டின் அப்டேட் உள்ளுக்குள் சி மொழியில் நேரடியாக எழுதுகிறது, நாம் மாற்றி எழுதிய செட்ஐட்டத்தைத் தொடுவதே இல்லை. செட்டிஃபால்ட்டும் அப்படியே. காவலாளி முன்வாசலில் நிற்கிறான், ஆள் கொல்லைப்புறமாக வந்துவிட்டார்.

டிக்டுக்குப் பதில் கலெக்ஷன்ஸில் உள்ள யூசர்டிக்டிலிருந்து வருவியுங்கள். அதில் அப்டேட்டும் செட்டிஃபால்ட்டும் செட்ஐட்டம் வழியாகத்தான் போகும். ஆனால் அது உண்மையான டிக்ட் அல்ல என்பதால் ஈஸ்இன்ஸ்டன்ஸ் சோதனைகள் தோற்கும், ஜேசனாக மாற்றப் போனால் டைப்எரர் வரும். பிழை தேடும் வரை வைத்திருந்துவிட்டு எடுத்துவிடுங்கள்.

யாரும் கை வைக்கவே கூடாது என்றால், டைப்ஸ் மாட்யூலில் 3.3 முதல் இருக்கும் மேப்பிங்பிராக்சிடைப்பைக் கொடுங்கள். படிக்க மட்டும் அனுமதி, எழுதப் போனவர் அந்த இடத்திலேயே பிழையோடு விழுவார். அகராதிக்குள் இருக்கும் பட்டியல்களை அது காக்காது, வெளிச்சுவர் மட்டும்தான். ஃப்ரோஸன் டேட்டாகிளாஸும் இப்படியே.

நவம்பர் 12, இரவு

சோதனை எழுதுபவர்களுக்கு ஒரு வரி. சோதனைக்காக ஒரு பெயரில் போலியை வைக்கும் மாக் நூலகத்தின் பேட்ச் வேலை செய்யவில்லை என்று குழம்புகிறவர்கள் நவம்பர் 3ஆம் தேதிக் குறிப்பைப் படிக்கவும். பேட்ச் கயிற்றைத்தான் மாற்றுகிறது. ஃபங்ஷன் பிறந்த மாட்யூலின் கயிற்றை மாற்றினால், ஃப்ரம் போட்டு வாங்கி வைத்தவரின் கயிறு அப்படியே இருக்கும். பயன்படுத்தும் மாட்யூலில் உள்ள பெயரை மாற்றுங்கள்.

நவம்பர் 15

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "பகிர்வதே பாவம். குளோபல் எதுவும் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் ஆர்குமெண்டாக அனுப்ப வேண்டும். இத்தனை குறிப்புகள் எழுதுவதற்குப் பதில் இந்த ஒரு வரி போதும்."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆர்குமெண்டாக அனுப்பினாலும் அனுப்பப்படுவது அதே கிணற்றுக்கு இன்னொரு கயிறுதான். வேட்டிக் கூடைகளில் ஒரு குளோபல்கூட இல்லை. எல்லாம் முறையாக ஆர்குமெண்ட் வழியாகவே போயின.

பகிர்வது தேவையான இடங்களும் இருக்கின்றன. நிரல் நடந்ததைப் பதிவு செய்யும் லாகிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரைக் கொடுத்து கெட்லாகரை எந்த மாட்யூலிலிருந்து அழைத்தாலும் ஒரே லாகர் ஆப்ஜெக்ட் கிடைக்கும், வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். அதை அறியாமல் ஒவ்வோர் அழைப்பிலும் ஹேண்ட்லரை (பதிவைத் திரைக்கோ கோப்புக்கோ அனுப்புவது) சேர்த்தால், முதல் ரசீதுக்கு ஒரு வரி, இரண்டாவதற்கு இரண்டு, பத்தாவதற்குப் பத்து வரி என்று பதிவு பெருகும். அதற்காக லாகரை ஒழிக்க முடியுமா? ஹேண்ட்லரை நிரலின் தொடக்கத்தில் ஒரே இடத்தில் சேர்த்தால் போதும்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்று எழுதி முடித்த பிறகு தோன்றுகிறது. குளோபலைப் படிப்பவர்கள் எத்தனை பேராகவும் இருக்கட்டும். எழுதுபவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். என் நிரலில் விகிதங்களை எழுதுவது ஒரே ஃபங்ஷன் என்பதால்தான் அன்று ஒரு மாலைக்குள் பிழையைப் பிடிக்க முடிந்தது.

நவம்பர் 18

வலைத்தளம் நடத்தும் ஒருவர்: "அமைப்பை மாற்றினேன். பக்கத்தைப் புதுப்பித்தால் ஒரு முறை புதிய மதிப்பு, இன்னொரு முறை பழையது, மறுபடி புதியது. மாட்யூல் வழியாகத்தான் படிக்கிறேன், ஃப்ரம் எங்குமே இல்லை."

உங்கள் சேவையகம் எத்தனை ஒர்க்கர்களோடு ஓடுகிறது என்று பாருங்கள். ஒவ்வோர் ஒர்க்கரும் தனிப் பிராசஸ், தனி நினைவகம், தனி சிஸ்.மாட்யூல்ஸ். உங்கள் மாற்றம் ஒரு ஒர்க்கருக்குள் மட்டும் நடந்தது. அடுத்த கோரிக்கை யாரிடம் போகிறதோ அவருடைய மதிப்பு வரும். கிணறு உவமை இங்கே நின்றுவிடுகிறது, இது வேறு ஊர். தரவுத்தளத்திலோ பொதுவான கேஷிலோ வைத்து, அங்கிருந்து படிக்க வேண்டும்.

மல்டிபிராசஸிங்கில் இது இன்னும் மறைவாக இருக்கும். லினக்ஸில் ஃபோர்க் முறையில் குழந்தைப் பிராசஸ் தாயின் நினைவகத்தின் நகலோடு பிறப்பதால், பகிர்வதுபோலவே தோன்றும், முதல் மாற்றம் வரை. விண்டோஸில் ஸ்பான் முறை, மாட்யூல்கள் புதிதாக இம்போர்ட் ஆகும். மேக்கில் 3.8 முதல் அதுவே இயல்பு. சென்ற மாதம் வந்த 3.14இல் லினக்ஸின் இயல்பும் ஃபோர்க்கிலிருந்து ஃபோர்க்சர்வருக்கு மாறிவிட்டது. குளோபலில் எதையாவது நிரப்பிவிட்டு, குழந்தைப் பிராசஸ் அதைப் பார்க்கும் என்று நம்பியிருந்த நிரல்கள் 3.14க்கு மாறும்போது காலியான குளோபலைப் பார்க்கும். மாறப் போகிறவர்கள் இப்போதே தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 19

சி++காரர் ஒருவர் தங்கள் பக்கம் இப்படி எல்லாம் இல்லை என்கிறார். ஹெடர் கோப்பில் ஸ்டாடிக் என்று ஒரு மாறியை அறிவித்து மூன்று கோப்புகளில் இன்க்லூட் செய்து பாருங்கள், மூன்று மாறிகள் கிடைக்கும். சி++17இல் இன்லைன் மாறி வந்தது இதற்காகவும்தான். ஜாவாஸ்கிரிப்டின் இஎஸ் மாட்யூல்களில் மட்டும் நிலைமை வேறு. அங்கே இம்போர்ட் செய்த பெயர் ஏற்றுமதி செய்த மாட்யூலின் மாறியோடு உயிரோட்டமாக இணைந்திருக்கும், அங்கே மாறினால் இங்கேயும் தெரியும். நூலகத் தம்பி எதிர்பார்த்தது அதைத்தான். பைத்தான் அதைத் தருவதில்லை.

நவம்பர் 22

சற்று விலகிப் போகிறேன், ஆனால் தமிழில் நிரல் எழுதுகிறவர்களுக்கு இது தேவை. பைத்தான் 3இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், கோப்புக்கும் வைக்கலாம். தம்பியும் அப்படித்தான் வைத்திருக்கிறார், எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நேற்று அவர் அனுப்பியது: 'தொகை' என்ற மாறி இருக்கிறது, நிரலில் பெயரைச் சொன்னால் வேலை செய்கிறது. பெயரைச் சரமாக வாங்கி மதிப்பைத் தேடித் தரும் கெட்ஆட்டருக்கு 'தொகை' என்று கொடுத்தால் அப்படி ஒன்று இல்லை என்கிறது. திரையில் இரண்டும் ஒரே சொல்.

நீளம் சொல்லும் எல்இஎன் போட்டுப் பார்த்தோம். ஒரு சரத்தின் நீளம் 4, மற்றதன் நீளம் 5. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். அவர் ஒரு பழைய ஆவணத்திலிருந்து ஒட்டிய சொல்லில் இரண்டு குறிகள். நிரலில் எழுதப்படும் பெயர்களைப் பைத்தான் என்எஃப்கேசி முறையில் ஒரே வடிவாக்கிவிடும். மேற்கோளுக்குள் இருக்கும் சரங்களைத் தொடாது. ஆகவே பகிர்ந்த அகராதிக்குத் தமிழ்ச் சாவி வைப்பவர்கள், யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸில் போட்டு எடுத்த பிறகே வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே அகராதியில் இரண்டு 'தொகை' உட்கார்ந்திருக்கும், ஒரு மாட்யூல் ஒன்றில் எழுதும், இன்னொன்று மற்றதைப் படிக்கும்.

நவம்பர் 29

நவம்பர் 4ஆம் தேதிக் குறிப்பில், அச்சு மாட்யூலை மாற்றியதோடு ஜவுளிக்கடைப் பிழை முடிந்ததுபோல் எழுதியிருந்தேன். முடியவில்லை.

9ஆம் தேதி இயல்பு மதிப்பு பற்றி எழுதியது மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று உட்கார்ந்து 'விகிதங்கள்' என்ற சொல்லை எல்லாக் கோப்புகளிலும் தேடினேன். எஸ்டிமேட் சீட்டுப் போடும் ஃபங்ஷன் கிடைத்தது. ஆர்குமெண்டுகளில் இரண்டாவது, 'விகிதங்கள் = அமைப்பு.விகிதங்கள்'. புள்ளி இருக்கிறது, மாட்யூல் வழியாகத்தான் கேட்கிறது, கண்ணுக்குச் சரி. ஆனால் அந்தக் கேள்வி டெஃப் வரி ஓடும் ஒரே தடவைதான் கேட்கப்படுகிறது. செப்டம்பர் 22 காலையில் நிரலை அணைத்துப் போட்டதால் அது புதியதைப் பிடித்துக்கொண்டது. அணைக்காமல் இருந்திருந்தால் எஸ்டிமேட்டில் பழைய வரியே போய்க்கொண்டிருக்கும். அடுத்த விகித மாற்றத்தில் நிச்சயம் போயிருக்கும்.

இயல்பு மதிப்பை 'நன்' (எதுவும் இல்லை என்று குறிக்கும் பைத்தான் மதிப்பு) என்று மாற்றி, ஃபங்ஷனுக்குள் 'நன் என்றால் அமைப்பிடம் கேள்' என்று எழுதினேன். பிறகு என் கணினியில் நிரலை ஓடவிட்டு, அணைக்காமலேயே 5 சதவீதத்தை 7 ஆக்கினேன். அதே 1,800 ரூபாய் சட்டைக்கு ஒரு ரசீதும் ஒரு எஸ்டிமேட்டும் அச்சிட்டேன். இரண்டிலும் மத்திய வரி 63, மாநில வரி 63. திரையிலும் 126.